ரிச்சர்ட்ஸ் டவுன் ராணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஜூன் மாதம், பெங்களூரில் இருந்த பூங்கா மற்றும் மர வாரியம் காகிதத்தை ஒழித்தது. காலை பத்தரைக்கு ஒழிப்பதாகத்தான் ஏற்பாடு. தலைமை விருந்தினர் வரத் தாமதமானதால் பதினொன்றேகாலுக்கு ஒழிந்தது. ஒழிப்பு விழாவுக்கான அழைப்பிதழ் எட்டுப் பக்கம். வழவழப்பான தாளில் மூன்று வர்ணத்தில் அச்சடித்து இரண்டாயிரம் பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

மேடையில் பட்டுத்துணி போர்த்திய ஒரு மேஜை இருந்தது. துணியை விலக்கியதும் அடியில் இருபத்துநாலு கறுப்புப் பலகைகள் தெரிந்தன. பள்ளிப் பிள்ளையின் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது, ஆட்டுக்கல் குழவியைவிடக் கொஞ்சம் லேசு. முகப்பில் சாம்பல் நிறக் கண்ணாடி. பக்கத்தில் நூல் கட்டிய பிளாஸ்டிக் பேனா, அதில் மை கிடையாது. கண்ணாடிமேல் அந்தப் பேனாவால் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் எழுதினால், பலகை சற்று நேரம் யோசித்துவிட்டு அதை அச்செழுத்தாக மாற்றிக் காட்டும். சாயங்காலம் ஆபீசுக்கு வந்து ஒயரைச் சொருகினால் எழுதியதெல்லாம் தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். நடமாடும் கணினித் திட்டம் என்று இதற்குப் பெயர். இதில் ஒரே ஒரு குறை, பலகையை எடுத்துக்கொண்டு நடமாடினால் ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். சார்ஜ் ஏற்றும் வசதி இயக்குநர் அறைக்கு வெளியே மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது வரிசையில் துளசிங்கம் உட்கார்ந்திருந்தார். வாரியத்தில் இரண்டாம் நிலை மரப் பரிசோதகர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சிவாஜிநகரில் வீடு. கன்டோன்மென்ட் தெருக்களில் நடந்து, சாலையோர மரங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, விழக்கூடிய மரத்தை ரிஜிஸ்டரில் எழுதி வைப்பது அவர் வேலை. எழுதிய இரண்டு நாளில் மேஸ்திரி மஞ்சுநாத் ஆட்களோடும் ரம்பங்களோடும் போய் அதை வெட்டிவிடுவார். இதில் ஒரு பெருமையும் இல்லை என்றுதான் துளசிங்கம் நினைத்திருந்தார். வாரியமும் அப்படித்தான் நினைத்திருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இயக்குநர் ரகுராம் மைக்கைப் பிடித்தார். பேச்சு இங்கிலீஷில் இருந்தது. துளசிங்கத்துக்கு விளங்கிய அளவில் அது இப்படி இருந்தது:

"நண்பர்களே, நான் அமெரிக்காவில் பதினோரு நாள் இருந்தேன். அங்கே இப்போது யாரும் எழுதுவதில்லை. எழுதுவதுபோல் செய்கிறார்கள், மீதியை மெஷின் பார்த்துக்கொள்கிறது. நாமும் அந்த உயரத்துக்குப் போகிறோம். உங்கள் ரிஜிஸ்டர்களைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது வருஷமாக நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன், ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை. இனிமேல் படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பலகையே படித்துக்கொள்ளும்!"

கைதட்டல் எழுந்தது. பழைய ரிஜிஸ்டர்கள் ஒரு லாரியில் ஏறி, கூழாக்கும் ஆலைக்குப் போயின. பலகையைக் கையில் வாங்கும்போது துளசிங்கம் இரண்டு கையையும் நீட்டினார். மரியாதைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள், கனத்துக்காகத்தான்.

மறுநாள் காலை அவர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனார். அங்கே ஐரின் டீச்சர் என்பவர் தன் வீட்டு முன்பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, கணவர் இல்லை, கணீரென்ற குரல். முப்பத்தொரு குழந்தைகள். வாசலில், நடைபாதையை ஒட்டி, வாரியத்துக்குச் சொந்தமான ஒரு தூங்குமூஞ்சி மரம். அறுபது அடி உயரம், வயது எண்பதுக்குக் குறையாது. அதன் பெரிய கிளை ஒன்று பள்ளிக் கூரைக்கு நேர்மேலே நீண்டிருந்தது.

"போன ஞாயித்துக்கெழம ஒரு கிளை விழுந்துச்சு, துளசிங்கம்," என்றார் ஐரின் டீச்சர். "சறுக்கு மரத்த ரெண்டா ஒடைச்சிருச்சு. ஞாயித்துக்கெழமயா இருந்ததால பசங்க தப்பிச்சாங்க."

துளசிங்கம் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினார். ஒரு பக்கம் கட்டையின் சத்தம் வந்தது. மறுபக்கம் டிரம்மின் சத்தம் வந்தது. வேரடியில் உள்ளங்கை அகலத்துக்குக் காளான்கள். 

"உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர். வெறும் பட்டைதான் நின்னுகினு இருக்குது. நல்ல காத்து அடிச்சா முடிஞ்சுது. கவலப்படாதீங்க, வெள்ளிக்கெழமைக்குள்ள எடுத்துருவாங்க."

பலகையைத் தோள்பையிலிருந்து எடுத்து, வாசல் திண்டு மேல் வைத்து, படிவத்தைத் திறந்தார். மரப் பிரிவு, பூங்காப் பிரிவு, கலைப் பிரிவு மூன்றுக்கும் ஒரே படிவம். பூங்காக்களில் ஞாயிறு மாலை கச்சேரி, நடனம் வைப்பதும் வாரியத்தின் வேலை என்பதால், செலவைக் குறைக்க எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருந்தார்கள். பெயர், வயது, உயரம், இருப்பிடம், நிலை. அவ்வளவுதான். நிலை என்ற கட்டத்தைப் பார்த்து, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று கம்ப்யூட்டரே முடிவுசெய்யும்.

பெயர்க் கட்டத்தில் தூங்குமூஞ்சி மரத்துக்கு இங்கிலீஷில் உள்ள பெயரை, 'ரெயின் ட்ரீ' என்று எழுதினார். பலகை யோசித்தது. நம் ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால், அதற்குத் தெரிந்த பெயரைப் போட்டது: 'ராணி ட்ரீ'. வயது எண்பது என்று எழுதியதை முப்பது என்று படித்தது. அறுபது அடியில் எங்கிருந்தோ ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, ஆறு அடி ஆக்கியது. கடைசியில் நிலை. 'டேஞ்சர்' என்று அழுத்தி எழுதினார். பலகை இந்த முறை யோசிக்கவே இல்லை. 'ஜி' எழுத்தை 'சி' ஆக்கி, 'டான்சர்' என்று போட்டது.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். டான்சர். மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோயில் சுவரில் எழுதுவதுபோல் எழுதினார். டான்சர். நாலாவது தடவைக்குச் சார்ஜ் இல்லை. சாயங்காலம் ஆபீசில் ஒயரைச் சொருகியதும் அது அப்படியே தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

எட்டு நாள் கழித்து ஐரின் டீச்சர் ஆபீசுக்குப் போன் பண்ணி அவரை வரச் சொன்னார். மஞ்சுநாத் வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்திருந்தது. வாரியத்தின் முத்திரை போட்ட கடிதம்.

"யாருக்கு வந்திருக்குன்னு பாருங்க," என்று டீச்சர் நீட்டினார்.

செல்வி ராணி ட்ரீ, நடனக் கலைஞர், ஐரின் நர்சரி வாசல், ரிச்சர்ட்ஸ் டவுன். ஆகஸ்ட் மாதம் நடக்கும் வாரியத்தின் ஆண்டு விழாவில் தாங்கள் நடனமாட இசைய வேண்டும் என்று கலைப் பிரிவுச் செயலாளர் வித்யாலட்சுமி அன்போடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"தபால்காரர் இத மரத்துல குத்திட்டுப் போயிட்டாரு," என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை. "மழை வந்தா நான் முப்பத்தொரு பசங்களையும் சமையக்கட்டுல நிக்க வச்சிக்கிறேன். வீட்டுலயே கெட்டி சுவரு அதுதான். நேத்து முக்கா மணி நேரம் நின்னோம். பாட்டு எல்லாம் தீந்துபோச்சு."

துளசிங்கம் நேராக மஞ்சுநாத்திடம் போனார். மஞ்சுநாத் கிடங்கு வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பலகை வந்ததிலிருந்து அவருக்கு வேலையே வரவில்லை.

"துளசண்ணா, ஆர்டர் இல்லாம நான் ஏனு மாட்லி, என்ன பண்ணட்டும்?" என்றார் மஞ்சுநாத், கையை விரித்து. "ரம்பம் எல்லாம் உள்ள பூட்டிட்டாங்க. கம்ப்யூட்டர் ஆர்டர் நம்பர் குடுத்தாத்தான் ஸ்டோர்கீப்பர் கதவு தெறப்பாரு. வெறுங்கையோட போயி மரத்தக் கெஞ்சட்டுமா?"

தவறைத் திருத்த ஒரு வழி இருந்தது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது, அதையும் பலகையில்தான் எழுத வேண்டும். இயக்குநர் அறை வாசலில் பதினாறு பரிசோதகர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு, துளசிங்கம் திருத்தக் கட்டத்தில் எழுதினார்: 'நாட் டான்சர். டேஞ்சர்.' பலகை அதைப் படித்து, முதல் எழுத்தை மாற்றிக்கொண்டது: 'ஹாட் டான்சர். டான்சர்.'

மறுநாள் வித்யாலட்சுமி அவரைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு பூங்காக்களில் பரதநாட்டியம் தவிர வேறொன்றும் நடக்கவிடாத அம்மையார்.

"இதோ பாருங்க துளசிங்கம், நீங்க கலைஞர்களைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கறது சந்தோஷம்தான். ஆனா இந்த மாதிரி விவரமெல்லாம் படிவத்துல எழுதலாமா? நம்ம வாரியத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு இல்லையா?"

"மேடம், அது டான்சர் இல்ல மேடம். மரம்."

வித்யாலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "ட்ரீங்கறது குடும்பப் பேரு. ஆங்கிலோ இண்டியனா இருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுன்தானே?"

"இல்ல மேடம். நிஜமாவே மரம். வேர் இருக்குது, கிளை இருக்குது."

"வயசு முப்பது, உயரம் ஆறு அடின்னு போட்டிருக்கு. மரத்துக்கு ஏன் இதையெல்லாம் எழுதினீங்க?"

 மரத்துக்கு இதையெல்லாம் எழுத வேண்டும் என்று படிவம்தான் கேட்டது.

பிறகு அவர் இயக்குநரையே பார்க்கப் போனார். ரகுராம் கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். அன்று முதல் வாக்கியத்திலிருந்தே தமிழ்தான்.

"என்னய்யா நீ? இந்த மெஷின் தொண்ணூத்தேழு பர்சென்ட் சரியாப் படிக்குது. கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்திருக்கான். மீதி மூணு பர்சென்ட் யாருன்னு தேடிக்கிட்டிருந்தேன். நீதானா அது?"

"சார், விழப்போற மரம் எல்லாமே அந்த மூணு பர்சென்ட்லதான் சார் மாட்டிகினு இருக்குது."

"எந்த மரம்? மெஷின் வந்த நாள்லேருந்து நம்ம ரிக்கார்டுல ஆபத்தான மரம் ஒண்ணுகூடக் கிடையாது. பத்து வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. டெல்லியிலேருந்து பாராட்டி லெட்டர் வந்திருக்கு, தெரியுமா?"

கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். துளசிங்கம் அதையும் படித்தார்.

முடிவில் இயக்குநர் நியாயமாகவே நடந்துகொண்டார். மெஷின்மேல் குற்றமில்லை, கைமேல்தான் குற்றம் என்பதால், இருபத்துநாலு பரிசோதகர்களுக்கும் பத்து நாள் கையெழுத்துச் சீர்திருத்தப் பயிற்சி தர உத்தரவிட்டார். குழந்தைகளுக்கு எழுதக் கற்றுத்தரும் ஒரு ஆசிரியை வேண்டும் என்றார். துளசிங்கம் சட்டென்று ஐரின் டீச்சர் பெயரைச் சொன்னார். அப்படியாவது மரத்தின் அடியில் வசிக்கும் ஒருத்தரை இயக்குநர் நேரில் பார்க்க நேரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

டீச்சர் வந்தார். நரைத்த மீசைக்காரர்கள் நாலு கோடு நோட்டில் 'ஜி' எழுத்தை நூறு தடவை எழுதினார்கள். ஓய்வுபெற எட்டு மாதமே இருந்த ஒருவர், நல்ல கையெழுத்துக்காக ஐந்தாம் நாள் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி, அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். பத்தாம் நாள், நட்சத்திரம் வாங்கிய அவரையே பலகையில் 'டேஞ்சர்' என்று எழுதச் சொன்னார்கள். அச்சில் வார்த்தது போன்ற 'ஜி' அது. பலகை அதை மெச்சுவதுபோல் சற்று நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, 'டான்சர்' என்றது.

நிறைவு விழாவில் ஐரின் டீச்சர் எழுந்து நின்றார்.

"சார், பத்து நாளு எங்கிட்ட நல்லாத்தான் எழுதினாங்க. உங்க மெஷினுக்குத்தான் படிக்கத் தெரியல. எங்கிட்ட அனுப்புங்க, அதுக்கும் சொல்லித்தரேன். அதுக்கு முன்னாடி என் ஸ்கூல் வாசல்ல இருக்கிற மரத்தை எடுத்திருங்க. மழை வந்தா அது ஆடுது சார்."

"மேடம்," என்றார் ரகுராம், பொறுமையாக, "உங்க ஸ்கூல் வாசல்ல மரமே இல்லை. ஒரு நடனக் கலைஞர் இருக்கார். அவர் ஆடத்தான் செய்வார்."

"நான் தினமும் பாக்கிறேனே சார்!"

"நீங்க பாக்கறீங்க. ஆனா ரிக்கார்டுல இல்ல. ரிக்கார்டுல இல்லாத மரம் எப்படி மேடம் விழும்?"

ஜூலை மாதம் மழை வலுத்தது. மழைக்கென்று வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: பலகை நனையக் கூடாது, மழை பெய்தால் பரிசோதகர் தம் குடையைப் பலகைக்குப் பிடிக்க வேண்டும். துளசிங்கம் நனைந்துகொண்டே தினமும் ரிச்சர்ட்ஸ் டவுன் வழியாகப் போனார். ஜூலைக் கடைசியில் ஒரு நாள் பார்த்தபோது மரம் பள்ளிப் பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருந்தது. வேரடியில் மண் வெடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. உள்ளேயிருந்து, சமையற்கட்டில், முப்பத்தொரு குழந்தைகள் ஏற்கெனவே பாடிய பாட்டையே மறுபடி பாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ரத்தினம்மாள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பவர். பேச்சைவிட வேலைக்கே பழகியவர்.

"இன்னா ஆச்சு உனக்கு? உப்பு கம்மியா?"

துளசிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ரத்தினம்மாள் இரண்டு தடவை தலையில் அடித்துக்கொண்டார். ராணிக்கு வந்த அழைப்புக் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், முத்திரையை மட்டும் பார்த்தார்.

"கெவர்மெண்ட்டே கூப்புட்டுக்குது. அப்ப நீ ஏன் வரமாட்டான்னு சொல்லிகினு இருக்கற?"

"யாரு?"

"அதான், அந்த ராணி. எங்க மண்டபத்துல நாதஸ்வரக்காரருக்கே வேன் அனுப்புறாங்க. டான்ஸ் ஆடுறவளுக்கு வண்டி அனுப்ப மாட்டாங்களா? வண்டி அனுப்புனா ஏத்திகினு போ. அவ்ளோதானே?"

துளசிங்கம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாப்பிட்டார். மோர் வாங்கி இன்னொரு தடவை சாப்பிட்டார்.

காலையில் வித்யாலட்சுமியிடம் போய், ராணி ட்ரீ ஆண்டு விழாவுக்கு வரச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னார்.  இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாரியத்திடம் சொன்ன முதல் பொய் இது. பொய்தானா என்பதும் அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. பயண வசதிப் படிவம் போட்டுக் குடுங்க. உடனே ஆர்டர் போட்டுடறேன்."

பயண வசதிக்கும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே படிவம்தான். ஆகவே கார், வேனுக்குக் கீழே லாரி இருந்தது, லாரிக்குக் கீழே கிரேன் இருந்தது, கயிறு இருந்தது, ரம்பம் இருந்தது. எதுவும் எழுத வேண்டியதில்லை, டிக் மட்டும் போட்டால் போதும். டிக்கை மட்டும் பலகை ஒருநாளும் தப்பாகப் படித்ததில்லை. லாரி, டிக். கிரேன், டிக். கயிறு, டிக். ரம்பம், டிக். உடன் வருவோர் பன்னிரண்டு பேர்.

வித்யாலட்சுமி படிவத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "கிரேன் எதுக்கு?"

"அவங்களுக்குக் கொஞ்சம் கனமான உடம்பு மேடம். மேடை ஏற முடியாது."

"பாவம்," என்று சொல்லி, அம்மையார் பொத்தானை அழுத்தினார். தலைமைக் கம்ப்யூட்டர் கரகரவென்று ஓர் ஆர்டரை அச்சடித்துத் தள்ளியது. காகிதத்தை ஒழித்த வாரியத்தில் மூன்று பிரதிகள் வந்தன.

மஞ்சுநாத் ஆர்டரை எழுத்துக்கூட்டிப் படித்தார். கலைஞர் ராணி ட்ரீயைத் தகுந்த மரியாதையோடும் பாதுகாப்போடும் இருப்பிடத்திலிருந்து கொண்டுவந்து, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மேடையில் சேர்க்க வேண்டும். கீழே ஆறு இலக்க நம்பர். ஸ்டோர்கீப்பர் நம்பரை மட்டும் பார்த்தார், கதவைத் திறந்தார்.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஐரின் டீச்சர் பள்ளிக்கு விடுமுறை விட்டார். மஞ்சுநாத்தின் ஆட்கள் உச்சியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டி, பள்ளிக் கூரையின் ஒரு ஓடுகூட அசையாமல் இறக்கினார்கள். வெள்ளி மத்தியானம் கூரைக்கு மேலே வெறும் வானம் இருந்தது. டீச்சர் நடுத்தெருவில் நின்று அதைப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தார். துளசிங்கத்துக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

கடைசியில் அடிமரம் மட்டும் இருந்தது. பத்தடி நீளம், மூன்று பேர் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத பருமன். கிரேன் தூக்கி லாரியில் வைத்தது.

"இத டிப்போவுல போட்டுரு மஞ்சு," என்றார் துளசிங்கம். "வேல முடிஞ்சுது."

மஞ்சுநாத் தலையை ஆட்டி மறுத்தார். "அது ஆகாது துளசண்ணா. மேடைல சேக்கணும்னு எழுதியிருக்கு. அங்க ரசீது வாங்கிக் குடுத்தாத்தான் ரம்பத்த ஸ்டோர்ல திருப்பி எடுத்துக்குவாங்க. ஆர்டர் அந்த்ரே ஆர்டர்."

துளசிங்கம் கெஞ்சினார். வேலை போய்விடும் என்றார், பென்ஷன் போய்விடும் என்றார். மஞ்சுநாத் வருத்தப்பட்டார், ஆனால் அசையவில்லை. இரண்டு மாதமாக ஆர்டருக்குக் காத்திருந்தவர் அவர். கிடைத்த ஆர்டரில் பாதியை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை வாரிய வளாகத்தின் திறந்தவெளி மேடையில் ஆண்டு விழா. டெல்லியிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்திருந்தார். ரகுராம் பேசிக்கொண்டிருந்தார்.

"நடமாடும் கணினித் திட்டத்தின் வெற்றியைப் பாருங்கள். இரண்டே மாதத்தில் நகரத்தில் ஆபத்தான மரங்களின் எண்ணிக்கை பூஜ்யம். அதே இரண்டு மாதத்தில், இதுவரை யாரும் அறியாத நாற்பத்தோரு நடனக் கலைஞர்களைக் கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டுக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்பீர்கள். நிர்வாகம்தான்! அந்தக் கலைஞர்களில் முதல்வரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன். ரிச்சர்ட்ஸ் டவுன் ராணி ட்ரீ!"

திரைக்குப் பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. மேடைக்கு மேலே கிரேனின் கை நீண்டது. அதில் தொங்கியபடி, லேசாகச் சுழன்றுகொண்டே, தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரம் இறங்கி வந்து மேடையின் நடுவில் படுத்தது. மேடைப் பலகைகள் முனகின. மஞ்சுநாத் மேடையேறி, இயக்குநரிடம் ரசீதை நீட்டி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவையும் கொடுத்தார்.

 கடைசி வரிசையில் துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஐரின் டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டெல்லி அதிகாரி குனிந்து, டான்சர் எங்கே என்று மெதுவாகக் கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

ரகுராம் கட்டையைப் பார்த்தார். டெல்லி அதிகாரியைப் பார்த்தார். மெஷின் தப்பாகப் படித்தது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டால், பாராட்டுக் கடிதம், பூஜ்யம், நாற்பத்தொன்று, அமெரிக்காவில் இருந்த பதினோரு நாள், எல்லாம் போய்விடும். அவர் ரசீதில் கையெழுத்துப் போட்டார். மேஜையிலிருந்த சால்வையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, அடிமரத்துக்குப் போர்த்தினார்.

"நண்பர்களே," என்றார், குரல் நடுங்காமல், "ஆடினால்தான் நடனம் என்று யார் சொன்னது? ஒரே இடத்தில், ஒரே நிலையில், வெயிலிலும் மழையிலும் நின்ற இந்தக் கலைஞரிடம் நம் ஊழியர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது!"

டெல்லி அதிகாரி முதலில் கைதட்டினார். நவீனக் கலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். மற்றவர்களும் தட்டினார்கள். வித்யாலட்சுமி மட்டும் தட்டவில்லை. அவர் அடிமரத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் டிபனுக்குப் போன பிறகு மேடை காலியானது. துளசிங்கமும் டீச்சரும் மேடையோரமாக நின்று, ராஜினாமாக் கடிதத்தை எதில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, ரகுராம் தனியாக மேடைக்குத் திரும்பி வந்தார். அடிமரத்தின் வெட்டுப் பக்கத்துக்குப் போய்க் குனிந்தார். வட்டமாக ஒரு சாண் பட்டை, நடுவே இருட்டு. அவர் கோட்டுக் கையோடு உள்ளே கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. இன்னும் போக இடம் இருந்தது. கையை வெளியே எடுத்து விரித்தார். உள்ளங்கை நிறைய ஈரமான பழுப்புத் தூள். அது விரலிடுக்கில் வழிந்து, ஷூமேல் கொட்டியது.

"இது எங்க நின்னுச்சு?" என்றார்.

"பசங்க உக்கார்ற எடத்துக்கு மேல," என்றார் ஐரின் டீச்சர்.

ரகுராம் கோட்டைத் தட்டிக்கொள்ளவில்லை.  துளசிங்கத்தை நேராகப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மீதி நாப்பது பேரும்... இதே மாதிரியா?"

"ரெண்டு மூணு பேரு இன்னும் மோசம் சார். ஒருத்தங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே நின்னுகினு இருக்காங்க."

ரகுராம் தலையசைத்தார். மெஷினைப் பற்றி அவர் அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

"எல்லாருக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லுங்க," என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார். "வண்டியோட."

அந்த வருஷம் வாரியத்தின் ஆண்டு விழா டிசம்பர் வரை நடந்தது.